கலங்கல் தண்ணீருக்குக் கூறைச் சரிகை

பாரிஸில், லா சப்பல் மெத்ரோ ரயில் மேடையில் எனக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நீளமான தூண்டில் பையை மடியில் குறுக்காக வைத்திருந்தவர், தன் மனைவியின் தம்பியிடம் சொன்னார்:

“கொக்காவின்ரை கூறைச் சீலையாலை நாலு மீன் பிடிச்சனான்.”

நான் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

“அக்காவின்ரை கலியாணக் கூறையை வலையா வீசினியளோ, அத்தான்?”

“விசரே உனக்கு? மலையிலை பனி உருகி, ஆறு பால்தேத்தண்ணி மாதிரிக் கலங்கிக் கிடக்கு. மீனுக்குக் கண் தெரியாது. தூண்டில்லை கட்டிற பொய்ப்பூச்சி மினுங்கவேணும். கடைப் பூச்சி ஒண்டும் சரிவரேல்லை. கூறைச் சரிகையை உருவிச் சுத்திப் போட்டன், த்ருயித் மீன் பாஞ்சு வந்து கவ்விச்சுது.”

“குழம்போ, பொரியலோ?”

“திருப்பி ஆத்திலை விட்டிட்டன்.”

“நாலையுமோ?”

“ஓம். பிடிச்சு, ஒரு படம் எடுத்துப்போட்டு விடவேணும். என்னோடை வாற வெள்ளையள் எல்லாரும் அப்பிடித்தான்.”

“சனிக்கிழமை கலியாணத்துக்கு அக்கா அந்தக் கூறையைத்தான் உடுக்கப்போறா. அவ பிடிச்சால் விடமாட்டா, அத்தான்.”

“இடுப்புக்குள்ளை செருகிற பக்கத்திலைதான் வெட்டினனான். வெளியிலை தெரியாது.”

“சரி, இனியாவது கத்தரிக்கோலைத் தொடாதேங்கோ.”

ரயில் வந்து நின்றது. அத்தான் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“ஆறு தெளிய இன்னும் மூண்டு கிழமை கிடக்கடா,” என்றார். “முந்தானையிலைதான் சரிகை கூட.”