சிவப்புக் காய்

வத்தேகமயிலிருந்து பன்வில போகும் பஸ். பின் சீட்டில் புருசன். பக்கத்தில் மனைவி, வலது கை விரலில் துணி சுற்றியிருந்தாள். அடுத்து பத்து வயது மகள். எதிரே நின்ற கண்டக்டர். ஓரத்தில் நான். அவர்கள் மூவர் மடியிலும் ஒரு கெரம் பலகை கிடந்தது.

"இதுக்கும் டிக்கட் எடுக்கணும்," என்றார் கண்டக்டர்.

"எடுக்கிறேன் தம்பி. ஜெயிச்சுக் கொண்டு போறோம்," என்றார் புருசன். "அண்ணனுக்கும் எனக்கும் சேர்த்து ஒரே பலகைதான். போயாவுக்குப் போயா, பௌர்ணமி லீவுல விளையாடுவோம். ஜெயிச்ச வீட்டுல ஒரு மாசம் இருக்கும். நாலு மாசமா அண்ணன் வீட்டுலயே கெடந்துச்சு."

"இன்னைக்கு நீங்க அடிச்சீங்களாக்கும்?"

"நானா? நான் அடிச்சா காய் தரையிலதான் விழும். இவதான் அடிச்சா. தேயிலைக் கொழுந்து பறிச்சு விரல் வெடிச்சிருக்கு. துணியோட அடிக்கக் கூடாதுன்னாரு அண்ணன். அவிழ்த்துட்டு அடிச்சா. கடைசியா சிவப்பு, பின்னாலயே வெள்ள. அண்ணன் எழும்பிப் போயிட்டாரு."

"சும்மா வாங்க," என்றாள் மனைவி.

கண்டக்டர் அந்த விரலைப் பார்த்தார். "பலகைக்கு டிக்கட் வேணாம்ணே."

மகள் பையைத் திறந்து காய்களை எண்ணினாள். "பதினெட்டுதான் இருக்கு. சிவப்பக் காணோம்பா."

புருசன் முகம் மாறியது. "அண்ணன் வேலதான். சிவப்பு இல்லாம ஒரு மாசம் என்னத்த விளையாடுறது? எறங்கு, திரும்பிப் போவோம்."

மனைவி பஸ் ஏறியதிலிருந்து மூடியே வைத்திருந்த இடது கையை விரித்தாள்.

மகள் அதை எடுத்துப் பையில் போட்டாள்.

"பத்தொன்பது."