ஆறுக்கு முடித்தோம்

நான் யாரையும் வற்புறுத்திப் பழக்கமில்லாதவன். செஞ்சிக் கடைத்தெருவில், அத்தாவின் ஜவுளிக்கடையில் வளர்ந்தவன். வந்தவர் தானே இறங்கி வரும்வரை சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பதுதான் எங்கள் தொழில். அங்கே முதலில் சொல்லும் எண்ணை யாரும் நம்ப மாட்டார்கள். சொல்பவரே நம்ப மாட்டார்.

சென்னையிலிருந்து வந்த டாக்டர்களுக்கு இது தெரியவில்லை. காலுக்கு ரத்தம் போகும் குழாய் அடைத்துப்போனவர்களுக்குப் புது மருந்து கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சி. நோயாளிகளைக் கேட்டு விவரம் எழுதுவது என் வேலை. ஒரு அட்டை கொடுத்தார்கள். சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம்வரை, பூஜ்யம் முதல் பத்து. வலி எத்தனை என்று கேட்டு, சொன்னதை அப்படியே எழுத வேண்டுமாம். அடுத்தடுத்து இரண்டு முறை ஏழோ அதற்கு மேலோ வந்தால் மருந்தை நிறுத்தி, அடைப்பை நீக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும். இவ்வளவு படித்தவர்கள், புடவை எடுக்கப் போனால் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருவார்கள் போலிருக்கிறது.

அடுத்த அறையில் ஜெயஸ்ரீ மேடம், சின்னப் பிள்ளைகளுக்குக் கிருமியால் வரும் மஞ்சள் காமாலையை ஆராய்ந்தார். தாய்மார்கள் சொன்னதையெல்லாம் எழுதி, பாதிப் பிள்ளைகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, ஆராய்ச்சியையே மூடினார். பிள்ளைகள் பிழைத்துவிட்டதாகச் சொன்னார்கள். இருக்கலாம். என் பட்டியலில் ஒருவர்கூட விலகவில்லை. எங்கள் ஆராய்ச்சிக்குத் தலைவரான டாக்டர் தேவேந்திரன் என்னை எழுந்து நிற்கவைத்து எல்லாரையும் கைதட்டச் சொன்னார்.

விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள் வல்லத்துப் பச்சைமுத்துவைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் போடுகிறவர், பேரம் தெரிந்தவர். முதல் முறை ஒன்பது என்றார்.

"ஒம்போதுன்னா வல்லத்துலருந்து பஸ்ல நின்னுகினு வந்திருப்பீங்களாண்ணே?"

எட்டு என்றார். நான் ஐந்து என்றேன்.

"மல்லாட்டை யாவாரிகூட இப்டி கொறைக்க மாட்டான் பாய்" என்று சிரித்தார். ஆறுக்கு முடித்தோம். இருவருக்கும் திருப்தி.

அடுத்த முறை பத்து என்றார். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டு, உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறாராம். கூட வந்த மனைவி வசந்தா, கொஞ்சம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தார். கூட வருகிறவர்கள் பேரத்தைக் கெடுப்பது எந்தக் கடையிலும் உண்டு. அவரை வெளியே உட்காரச் சொன்னேன். அன்றும் ஆறு. மூன்றாம் முறையும் ஆறு.

நான்காம் முறை, நான் வாய் திறப்பதற்குள் அவரே "ஆறு" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நர்ஸ் சுவாதி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சார், செருப்பக் கழட்டிப் பாத்துடலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஆறு என்று சொல்கிறவரின் செருப்பை எதற்குக் கழற்ற வேண்டும்? காலில் புண் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

செருப்புக்குள் கால்விரல்கள் கருத்திருந்தது பிறகுதான் தெரியும் என்று போன வாரம் உங்களிடம் சொல்லியிருந்தேன். அது சரியல்ல. அன்றைக்கே அழுகல் வாடை எனக்கும் அடித்தது. அவருடைய ஒன்பதையும் பத்தையும் ஆறாக்கியவன் நான். இன்னும் பதினொரு பேருடைய தாள்களிலும் அப்படித்தான். தேடிச் சிரமப்பட வேண்டாம், பெயர்களை நானே தருகிறேன்.

பச்சைமுத்துவின் காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். விதிப்படி அதற்குப் பிறகும் ஒரு முறை வலியைக் கேட்டாக வேண்டும். கட்டிலருகே போய் அட்டையை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

"நீயே ஒரு நம்பர் சொல்லு பாய்" என்றார்.

மூன்று என்றேன். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை அவர். அதனால்தான் சொல்கிறேன், மூன்று நியாயமான எண்.