ஆஃப் ஆகி ஆன் ஆகுறதுக்குள்ள

மத்தியானம் மூணு மணி... ஆமாப்பா, மத்தியானம்தான். பேய்னா ராத்திரிதான் வரணும்னு யார் சொன்னது? ராத்திரின்னா பக்கத்துல ஆள் இருக்கும், பயந்தா எழுப்பலாம். வேலைநாள்ல மத்தியானம் மூணு மணிக்கு ஒரு தெருவுல போய் நின்னு பாருங்க. எல்லா வீடும் பூட்டியிருக்கும். நாய்கூட குரைக்காது.

அந்த மாதிரி ஒரு ரோடு. ஊர்க் கடைசி. ரெண்டு பக்கமும் காலி மனை, எங்கயோ ஒண்ணு எங்கயோ ஒண்ணுன்னு வீடு. அந்த ரோட்டுல ஒருத்தர் வண்டியில வர்றார். கம்ப்யூட்டர் சரி பண்றவர். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதல் வேலையா 'ஃபூ'ன்னு ஊதுவார். அதனால பேரே 'ஊதி'ன்னு ஆயிடுச்சு.

அவர் போனது, என்கூட வேலை பாக்குறானே, அவனோட அக்கா வீட்டுக்கு. எனக்குச் சொன்னதும் அவன்தான். யாராவது அந்தக் கதவைச் சாத்துங்க... ம், சரி.

அக்காவுக்கு வீட்ல இருந்தே வேலை. டாக்டருங்க பேசிப் பதிவு பண்ணி அனுப்புவாங்க, அதை ஹெட்செட்ல கேட்டுக்கிட்டே டைப் அடிக்கணும். சாயங்காலத்துக்குள்ள அனுப்பியாகணும். வீட்டுக்காரர் காலையில போனா சாயங்காலம்தான் வருவார். பகல் முழுக்க அக்கா தனியாதான்.

பிரச்சினை என்னன்னா, கம்ப்யூட்டர் தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுது. மும்முரமா அடிச்சுக்கிட்டிருப்பாங்க... 'டக்'. ஸ்க்ரீன் கருப்பு. ஃபேன் சத்தம் நின்னுடும். வீடே கப்சிப்னு ஆயிடும். ஒரு மூச்சு இழுத்து விடுற நேரம்... அப்புறம் 'பீப்'. மறுபடி ஃபேன் சுத்தும். அடிச்சதுல பாதி காணாமப் போயிருக்கும்.

ஊதி வந்தார். திறந்தார். ஊதினார். உள்ள இருந்து பஞ்சு மாதிரி தூசி, சூடேறின தூசி வாடை. "இவ்வளவு தூசி இருந்தா நானே ஆஃப் ஆயிடுவேன்கா"ன்னு சிரிச்சார். ப்ராசஸருக்குச் சூடு தணிக்கிற பேஸ்ட்டைப் புதுசா வெச்சார். மெமரியைக் கழட்டி ரப்பரால தேய்ச்சு மாட்டினார். போனார்.

மறுநாள் திரும்ப 'டக்'.

பவர் சப்ளையை மாத்தினார். யுபிஎஸ்ஸைக் கழட்டிட்டு நேரா சுவத்துல சொருகினார். விண்டோஸை அழிச்சுப் புதுசா ஏத்தினார். பிழை வந்தா ரீஸ்டார்ட் ஆகாம அப்படியே நின்னு காரணத்தைச் சொல்லணும்னு ஒரு செட்டிங் இருக்கு, அதையும் போட்டார். ம்ஹும். அது நிக்கவும் இல்ல, காரணம் சொல்லவும் இல்ல.

பெட்டியைக் கடைக்கே தூக்கிட்டுப் போயிட்டார். அங்க ராப்பகலா ஓட விட்டிருக்கார். சமர்த்துப் பிள்ளை மாதிரி ஓடுது. வீட்டுக்குக் கொண்டு வந்தா... ஞாயித்துக்கிழமை முழுக்க வீட்டுக்காரர் அதுல சீட்டு விளையாடுறார், ஒண்ணும் ஆகல. திங்கக்கிழமை அக்கா உக்காந்து ஹெட்செட்டை மாட்டினதும் 'டக்'.

அவங்களுக்கு மட்டும்தான். ஹெட்செட் காதுல இருந்தா மட்டும்தான்.

"அப்ப ஹெட்செட் சொருகுற இடத்துலதான்கா கோளாறு. இனிமே விடமாட்டேன்"னு சொல்லித்தான் அன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்கு ஊதி வர்றார்.

மேஜைக்கு அடியில உக்காந்துக்கிட்டார். "நீங்க பாட்டுக்கு வேலை பாருங்க. நான் பெட்டியைப் பாத்துக்கிட்டே இருக்கேன்." அக்கா ஹெட்செட் மாட்டினாங்க. டைப் அடிக்கிற சத்தம்... ஃபேன் சத்தம்... வேற எதுவும் இல்ல.

'டக்'.

அந்த அமைதி... அதுல ஊதி தலையைத் தூக்கினார். பக்கத்து ரூம் கதவைப் பார்த்தார். கதவு சாத்தியிருக்கு.

'பீப்'. ஃபேன் சுத்த ஆரம்பிச்சிடுச்சு.

"அக்கா, உள்ள யாரோ கூப்பிடுறாங்க. கம்பியில தட்டுற மாதிரி இருக்கு. போய்ப் பாருங்க, நான் இருக்கேன்."

அக்கா அசையல.

"வயசானவங்களா? ஸ்பூனால தட்டுறாங்க போல. போங்கக்கா, ஏதாவது அவசரமா இருக்கப் போகுது."

அக்கா "உங்களுக்கும் கேட்டுச்சா?"ன்னு மட்டும்தான் கேட்டாங்களாம். ஊதி எழுந்துபோய் அந்தக் கதவைத் தள்ளினார். வெறும் ரூம். கட்டில்கூட இல்ல. தரையில கட்டில் கால் பதிஞ்ச நாலு தடம். அடைச்சு வெச்ச தைல வாடை... குப்புன்னு முகத்துல அடிச்சுதாம். அவர் கருவிகளை வாரிப் போட்டுக்கிட்டுக் கிளம்பினவர்தான். அந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

யார் அந்த ரூம்ல இருந்ததுன்னா... அக்காவோட மாமியார். வாதம் வந்து படுத்தவங்க. பேச்சும் போச்சு, வலது கையும் போச்சு. ஏதாவது வேணும்னா இடது கையில ஸ்பூனைப் பிடிச்சுக் கட்டில் கம்பியில தட்டுவாங்க. டிங்... டிங். அக்கா ஓடுவாங்க. நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க, அதைச் சொல்லணும். துடைச்சு விடுறது, புரட்டிப் போடுறது, ஊட்டுறது... பெத்த பொண்ணுகூட அப்படிச் செய்யமாட்டா. ஆனா ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான்? போனா சில நேரம் ஒண்ணுமே வேணாம். சும்மா முகத்தைப் பார்ப்பாங்க, அவ்வளவுதான்.

கடைசி நாள் அன்னைக்கும் அப்படித்தான் தட்டினாங்க. அக்கா காதுல ஹெட்செட். ஃபைல் அவசரம். இப்பத்தானே துணி மாத்தினேன், சும்மாத்தான் கூப்பிடுறாங்க, இதை முடிச்சிட்டுப் போவோம்னு நினைச்சாங்க. திரும்பவும் தட்டுற சத்தம், வேகமா. அக்கா என்ன பண்ணாங்க தெரியுமா...? ஹெட்செட்ல சத்தத்தைக் கூட்டி வெச்சாங்க.

முடிச்சிட்டுப் போனப்ப, கை கட்டிலுக்கு வெளியில தொங்குது. ஸ்பூன் தரையில கிடக்கு. கண்ணு கதவையே பாத்துக்கிட்டு.

அக்கா கண்ணை மூடி விட்டாங்க. கையை எடுத்து நெஞ்சு மேல வெச்சாங்க. ஸ்பூனைக் கழுவி, சமையல்கட்டுல மத்த ஸ்பூனோட ஸ்பூனாப் போட்டுட்டாங்க. அப்புறம்தான் வீட்டுக்காரருக்குப் போன். "அத்தை தூக்கத்துலயே போயிட்டாங்க."

அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அந்த மனுஷன் எழுந்து நடமாடினார். துக்கம் கேட்டு யார் வந்தாலும், "அம்மா கஷ்டப்படவே இல்ல, தூக்கத்துலயே போயிட்டாங்க. இவ பக்கத்துலயே இருந்தா"ன்னு சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் அக்கா அங்கேயே நின்னுக்கிட்டிருப்பாங்க. வந்தவங்க அவங்க கையைப் பிடிச்சு, "புண்ணியவதி"ம்பாங்க.

ஊதி ஓடிப்போனப்புறம், கம்ப்யூட்டர் 'டக்'னா அக்கா எழுந்து அந்த ரூமுக்குப் போவாங்க. வெறும் தரையைப் பாத்து, "வந்துட்டேன் அத்தை"ன்னு சொல்லுவாங்க. திரும்பி வந்து உக்காந்தா கொஞ்ச நேரம் ஒழுங்கா ஓடும். திரும்ப 'டக்'. திரும்பப் போவாங்க. உயிரோட இருந்தப்ப ஓடினதை விட அதிகமா ஓடினேன்டான்னு தம்பிகிட்ட சொல்லி அழுதிருக்காங்க.

கடைசியில தாங்கமுடியல. ஒருநாள் சாப்பாடு போடும்போது வீட்டுக்காரர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. சத்தத்தைக் கூட்டினது வரைக்கும். ஸ்பூனைக் கழுவினது வரைக்கும்.

அவர் தட்டையே பாத்துக்கிட்டிருந்தார். அப்புறம், "தூக்கத்துலன்னு சொன்னியேம்மா"ன்னார். அவ்வளவுதான். கத்தல. திட்டல. கை கழுவிட்டு அந்த ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார்.

அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட ஆஃப் ஆகல. தான் மாட்டின பவர் சப்ளைதான் காரணம்னு ஊதி இன்னைக்கும் சொல்லிக்கிறார்... சொல்லிக்கட்டும்.

ஆனா அந்த மனுஷன்... தினமும் சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கழட்டிட்டு நேரா அந்த ரூமுக்குத்தான். கதவு சாத்திடும். முதல்ல சத்தமே இருக்காது. அப்புறம் மெதுவா பேசுவார். பேசுவார்... நிறுத்துவார். "ம்..." நிறுத்துவார். "அப்படியா?" எதிர்ல ஒருத்தர் பேசினா நாம எப்படிக் கேட்போம், அந்த மாதிரி. ஒருநாள் சிரிச்சிருக்கார். அக்கா வெளியில நின்னு காதை வெச்சுக் கேட்டிருக்காங்க. இவர் குரல் மட்டும்தான்.

அக்காகிட்ட அவர் ஒரு வார்த்தை பேசுறதில்ல.

போன வாரம் அக்கா தம்பிக்குப் போன் பண்ணினாங்களாம். அன்னைக்குச் சாயங்காலம் அவர் கதவைத் திறந்துக்கிட்டு வெளியில வந்திருக்கார். முகத்துல கோபமே இல்ல. அக்கா பக்கத்துல வந்து நின்னு, ஹெட்செட்டை அவங்க காதுல இருந்து மெதுவா கழட்டி மேஜை மேல வெச்சார். கையைப் பிடிச்சார். அவ்வளவு பிரியமா, அவ்வளவு சாதாரணமா சொன்னாராம்...

"அம்மா உன்னைத்தான் கேக்குறாங்க. எழுந்து வா. வேலையை அப்புறம் பாத்துக்கலாம்."