ஆறாம் லைன் கேட்டது

நெப்ராஸ்கா மாநிலம், லூக்கா ஊரில் ஓட்டோகார் ஹ்ருஷ்கா என்பவர் இறந்தது சம்பந்தமாக, மரண விசாரணை அதிகாரி முன்னிலையில், 1932ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஊர் மன்றக் கட்டடத்தில் பதிவு செய்யப்பட்ட வாக்குமூலம்.

பெயர்: ரூஜெனா குபிச்செக். தகப்பனார்: காலஞ்சென்ற யான் குபிச்செக். வயது: நாற்பத்து நான்கு. மணமாகாதவர். தொழில்: லூக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இணைப்பு கொடுப்பது. விலாசம்: மேற்படி எக்ஸ்சேஞ்சின் பின்னறை, மெயின் தெரு, லூக்கா.

நான் மேற்படி விலாசத்தில் தனியாக வசித்து வருகிறேன். இறந்துபோன ஹ்ருஷ்காவை எனக்குச் சிறு வயது முதல் தெரியும். அவர் என் அண்ணனோடு படித்தவர், நானும் அவரை அண்ணன் என்றே கூப்பிடுவேன். அவர் லூக்கா விவசாயிகள் வங்கியில் காசாளராக இருந்தார். மேற்படி வங்கியில் எனக்கும் சேமிப்பு இருந்தது, அது முழுகிப்போயிற்று. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். நான் ஹ்ருஷ்காவிடம் ஏதோ வாங்கிக்கொண்டு அவருக்காகப் பேசுகிறேன் என்று ஊரில் நாக்கு நீள்கிறது.

வங்கி போன நவம்பரில் மூடப்பட்டது. சோளம் விற்ற காசு ஏற்றுகூலிக்கே பற்றாத வருஷம், கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை, பணம் போட்டவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் எடுக்க வந்தார்கள், கதவில் மாநிலத்தின் அறிவிப்பு ஒட்டப்பட்டது. அதன் பிறகு வங்கியின் சொத்தைக் கைப்பற்றி, கடனை வசூலித்து, மிச்சத்தைப் பங்கு போடுவதற்காக அரசு ஸ்டாடர்ட் என்பவரை ரிசீவராக அனுப்பியது. அவர் ஹ்ருஷ்காவைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். யார் எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்தப் பண்ணை யாரிடம் அடமானம் என்பதெல்லாம் ஹ்ருஷ்காவுக்குத்தான் தெரியும். வெளியில் ஜனங்கள் அவர் மேல் எச்சில் துப்பியதால், ரிசீவர் வெளியூர் போகும் நாளில் அவரை உள்ளே வேலைக்கு உட்கார வைத்துவிட்டு, முன் கதவை வெளியே பூட்டிச் சாவியைக் கொண்டுபோவது வழக்கம். பின்கதவு மாநில முத்திரையோடு ஆணியடித்து மூடியிருந்தது. ஜன்னல்களுக்குக் கம்பி உண்டு.

ஆறாம் லைனைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்வது விளங்காது. அது வடக்குப் பக்கத்துப் பண்ணைகளுக்குப் போகும் ஒரே கம்பி. அதில் பதின்மூன்று வீடுகள். ஒரு வீட்டுக்கு மணி அடித்தால் எல்லா வீட்டிலும் அடிக்கும், நீள மணி குட்டை மணி என்று கணக்கு வைத்து யாருக்கு என்று தெரிந்துகொள்வார்கள். தெரிந்துகொண்ட பிறகு, தங்களுக்கு இல்லாவிட்டாலும் காதுக்குழலை எடுத்துக் கேட்பார்கள். அதை யாரும் திருட்டு என்று நினைப்பதில்லை. ஆனால் ஒவ்வொருவரும் எடுக்க எடுக்கக் குரல் சன்னமாகிவிடும். ஒரு சட்டி சூப்பைப் பத்துப் பேர் ஊற்றிக்கொண்டால் பதினோராவது ஆளுக்கு அடிச்சட்டிதான்.

வங்கி மூடிய பிறகு ஆறாம் லைன் கெட்டுப்போயிற்று. ரிசீவர் யார் பண்ணையை அடுத்து ஏலம் போடுவார், யாருக்கு முதலில் பங்கு கொடுப்பார் என்று தெரிந்துகொள்ள எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கொருவர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள், கேட்பது மட்டும் நின்றபாடில்லை. யாரும் யாரையும் கூப்பிடாத பகல் வேளையில் நான் அந்த லைனைச் சோதிப்பதற்காக என் இணைப்புப் பலகையில் கம்பியைச் செருகிக் கேட்டபோது, உள்ளே ஆட்கள் இருந்தார்கள். பேச்சில்லை. இருட்டறையில் ஒரு கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல் இருந்தது. பெஷேக் வீட்டுக் கடிகாரம் அடித்துக்கொண்டிருந்தது, செட்லாச்செக் அம்மாள் வளர்க்கும் மஞ்சள் குருவி ஒரு முறை கத்தியது. நான் “யாரு?” என்று கேட்டேன். ஒருவரும் குழலைக் கீழே வைக்கவில்லை. அன்றிலிருந்து அந்த லைனைக் காரணமில்லாமல் தொடுவதை விட்டுவிட்டேன்.

சம்பவத்தன்று காலை முதல் பனிமழை பெய்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. ரிசீவர் காலை ரயிலில் மாவட்டத் தலைநகருக்குப் போனார். அதன் பிறகு டாக்டர் விட்டிங் எக்ஸ்சேஞ்சுக்குள் தலையை நீட்டி, “மாரெஷ் வீட்டுல பிரசவம். என்னைத் தேடினா அங்க கூப்பிடு” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் எங்கே போனாலும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவார். மாரெஷ் பண்ணை ஆறாம் லைனின் கடைசி வீடு.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பலகையில் வங்கியின் எண்ணுக்கு மேலிருக்கும் சின்ன மூடி விழுந்தது, அங்கிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அதற்கு அர்த்தம். நான் செருகிப் பேசினேன். ஹ்ருஷ்கா பேசினார். அவர் சொன்ன வார்த்தைகள்: “ரூஜெனாம்மா, டாக்டரைக் குடு. தலை வெடிக்குது. எந்திரிச்சா கால் நிக்கமாட்டேங்குது.” நான், “என்னண்ணே, குடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டேன். விளையாட்டுக்குக் கேட்டேன், அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது. அவர், “அடுப்புதான் சரியில்லைன்னு நினைக்கிறேன். சீக்கிரம் குடும்மா” என்றார்.

அதன் பிறகு நான் வங்கியை ஆறாம் லைனோடு இணைத்து மாரெஷ் வீட்டு மணியை அடித்தேன். மணி முடிவதற்குள் குழல்கள் எழும் சத்தம் கேட்டது, ஒன்றன் பின் ஒன்றாக, கூரையில் பறவை உட்காருவது போல. டாக்டர் வந்து, “யாரு பேசறது?” என்றார். ஹ்ருஷ்கா, “டாக்டர், நான் வங்கியிலேர்ந்து” என்றார். வங்கி என்ற சொல் வந்ததும் இன்னும் சில குழல்கள் எழுந்தன. என் காதுக்கே அவர் குரல் கிணற்றடியிலிருந்து வருவது போல் போயிற்று. டாக்டர், “சத்தமா பேசுய்யா! ஒண்ணும் கேக்கலை!” என்று கத்தினார்.

அதன் பிறகு நானே நடுவில் புகுந்து, “எல்லாரும் கீழ வைங்க! இது டாக்டர் கால்! மனுஷன் உசிருக்குப் போராடறான்!” என்று கத்தினேன். ஒரு குழலும் இறங்கவில்லை. மற்றவன் வைக்கட்டும் என்று ஒவ்வொருவரும் இருந்தார்களோ, ஹ்ருஷ்கா மயக்கத்தில் ஏதாவது உளறுவார் என்று இருந்தார்களோ, எனக்குத் தெரியாது. வாட்ஸ்லாவ் நெம்மெச்செக்கின் இருமல் கேட்டது, குழலைக் கையால் பொத்திக்கொண்டு இருமினார். செட்லாச்செக் அம்மாளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். “உங்க குருவி சத்தம் கேக்குது, வையுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று கெஞ்சினேன். குருவியின் சத்தம் அடங்கியது. கூண்டின் மேல் துணி போட்டிருக்கிறாள், குழலை வைக்கவில்லை.

டாக்டருக்கு என் குரலும் எட்டவில்லை. அவர், “பனியில கம்பி அறுந்துடுச்சு போல” என்று யாரிடமோ சொல்வது எனக்குக் கேட்டது. பிறகு வைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, அங்கே ஒரு பெண் பிரசவ வேதனையில் இருந்தாள். டாக்டர் வைத்த பிறகும் ஹ்ருஷ்கா பேசிக்கொண்டிருந்தார். “டாக்டர், இருக்கீங்களா? போஜெனாகிட்ட சொல்ல வேணாம், பயந்துடுவா. நீங்க மட்டும் வாங்க” என்றார். போஜெனா அவர் மனைவி. அந்த வார்த்தைகளை எனக்குத் தெரிந்து லைன் முழுக்கக் கேட்டது. அதன் பிறகு அவர் மூச்சு மட்டும் கேட்டது, அதற்குப் பிறகு மற்றவர்களின் மூச்சு மட்டும் கேட்டது. இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும்.

நான் பலகையை அப்படியே விட்டுவிட்டுக் கணப்பு கிளறும் இரும்புக் கம்பியோடு தெருவில் ஓடினேன். வங்கி ஜன்னலை உடைத்தேன், கம்பி இருந்ததால் உள்ளே போக முடியவில்லை. அவர் மேஜை மேல் கவிழ்ந்திருந்தார், காதுக்குழல் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. நாவிதர் க்ரெய்ச்சி கோடரி கொண்டுவந்து பூட்டை உடைத்தார். உள்ளே நிலக்கரிப் புகை வாடை இருந்தது. ஹ்ருஷ்கா இறந்திருந்தார். நான் தொங்கிய குழலை எடுத்துக் காதில் வைத்தேன். எக்ஸ்சேஞ்சில் நான் இணைப்பைப் பிடுங்கவில்லை, ஆகவே ஆறாம் லைன் இன்னும் உள்ளே இருந்தது. க்ரெய்ச்சி என் பின்னாலிருந்து, “ஆள் போயிட்டாரு” என்று சொன்னார். அப்போதுதான் குழல்கள் இறங்கத் தொடங்கின. சத்தம் வரக்கூடாது என்று மெதுவாக, ஒவ்வொன்றாக வைத்தார்கள்.

அடுப்பின் புகைப்போக்கியை ஹ்ருஷ்கா தாமே அடைத்து, ஜன்னல் இடுக்கில் காகிதம் செருகி, வேண்டுமென்றே செத்தார் என்று ரிசீவர் சொல்வதாக அறிகிறேன். வங்கி நிலக்கரிக்கு ரிசீவர் அளவு வைத்திருந்தார். அரை வாளியில் பொழுதை ஓட்ட வேண்டுமென்றால் யாரும் புகைப்போக்கியைப் பாதி மூடித் தீயை அமுக்கித்தான் வைப்பார்கள், குளிர்காற்று வந்தால் காகிதம்தான் செருகுவார்கள். சாக நினைத்தவன் டாக்டரைக் கூப்பிடுவானா என்று கேட்கிறேன். ஆனால் அவர் டாக்டரைக் கேட்டார் என்பதற்கு இன்று நான் ஒருத்திதான் சாட்சி. மணி வந்தது, யார் குரலும் விளங்கவில்லை என்றுதான் டாக்டரால் சொல்ல முடிகிறது. ஆறாம் லைன்காரர்கள் எல்லோரும் அன்று டெலிபோன் பக்கமே போகவில்லை என்று கையடித்துச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் இப்போது இந்த அறையில் உட்கார்ந்து தொப்பியைத் திருகிக்கொண்டிருக்கிறார்கள்.

தற்கொலை என்று முடிவானால் பாதிரியார் கோயில் மண்ணில் புதைக்க இடம் தரமாட்டார். அவர் சேர்ந்திருந்த சங்கத்தின் இன்சூரன்ஸ் பணமும் போஜெனாவுக்குக் கிடையாது. உடல் இன்னும் மரக்கடைக் கொட்டகையில் பலகை மேல் கிடக்கிறது, நிலமும் குழி தோண்ட முடியாமல் பனியில் இறுகிக் கிடக்கிறது. போஜெனா தினமும் போய் முகத்திலிருந்து உறைபனியைத் துடைத்துவிட்டு வருகிறாள்.

சம்பவத்துக்கு மறுநாள் அதே வேளையில் வங்கியின் மூடி மறுபடியும் விழுந்தது. வங்கியில் அப்போது யாரும் இல்லை. நான் செருகினேன், உள்ளே ஒன்றும் இல்லை. பனியில் கம்பிகள் உரசியிருக்கும் என்று லைன்மேன் சொன்னார். இது விசாரணைக்கு வேண்டாம் என்று அதிகாரி சொன்னார். விழுந்தது விழுந்ததுதான், எழுதுங்கள் என்று நான் சொன்னேன்.

நேற்று போஜெனா எக்ஸ்சேஞ்சுக்கு வந்தாள். “ஆறாம் லைன்ல எல்லாருக்குமான மணியை அடி, அக்கா. நானே அவங்ககிட்ட கேக்கறேன்” என்றாள். அது ஒரே நீள மணி. தீப்பிடித்தால், சூறாவளி வந்தால், குழந்தை காணாமல் போனால் மட்டும் அடிப்பது. நான் இந்தப் பலகையில் உட்கார்ந்த நாள் முதல் அந்த மணிக்கு ஒரு வீடாவது எடுக்காமல் இருந்ததில்லை, எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு வருவார்கள். நான் அடித்தேன். பிறகு அவளிடம் பேசச் சொன்னேன். அவள், “நான் ஹ்ருஷ்கா சம்சாரம் பேசறேன். ஒருத்தர் போதும். ஒரே ஒருத்தர், ‘அவர் டாக்டரைக் கேட்டார்’னு சொன்னாப் போதும். யார்கிட்டயும் கோவிச்சுக்க மாட்டேன்” என்றாள். நான் மறுபடி அடித்தேன், அவள் மறுபடி சொன்னாள். பதின்மூன்று வீட்டிலும் மணி அடித்தது, ஒருவரும் எடுக்கவில்லை. கடிகாரம் இல்லை, குருவி இல்லை, மூச்சு இல்லை. லைனில் ஒரு குழலும் எழாததால் அவள் குரல் கம்பியில் கணீரென்று போயிற்று, மாரெஷ் பண்ணை வரைக்கும் ஒரு சொல் சிதறாமல் போயிருக்கும்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. என் காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் தவிர வேறெதுவும் இதில் இல்லை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை. சத்தியத்தின் மேல் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ரூஜெனா குபிச்செக்