பெனிட்டா ஏன் கைதட்டவில்லை

தலைமையாசிரியை அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறாங்க... எனக்கும் தெரியுதும்மா. புத்திமதி போதும். ஒரு சின்னக் கதையைச் சொல்லிட்டு மைக்கைக் கொடுத்திடுறேன். கதை சின்னதுதான். ஆனா கேட்டதுல இருந்து எனக்கு மறக்கலை.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர்ல லிடியான்னு ஒரு பொண்ணு. அப்பா சங்கு குளிக்கிறவர். கல்யாணமாகி மதுரைக்குப் போயிட்டா. புருஷன் கிளமென்ட், ரெண்டாவது படிக்கிற மகள் பெனிட்டா. ஒரு ஞாயித்துக்கிழமை மூணு பேரும் ஊருக்கு வந்தவங்க, அங்க இருக்கிற பழைய கலங்கரை விளக்கத்தைப் பார்க்கக் கிளம்பினாங்க. வெள்ளைக்காரன் காலத்துல கட்டினது. பளிச்சுன்னு வெயில். கடல் உள்வாங்கி, பாறைக்கு நடுவுல குட்டை குட்டையா தண்ணி. நண்டு ஓடுது. தூரத்துல உப்பளத்துல பூநாரைக் கூட்டம் நிக்குது. இப்படி ஒரு நாள்ல யாராவது பயப்படுவாங்களா? லிடியா பயந்தா. கடலோட பிறந்தவளுக்குக் கடலைப் பத்தித் தெரியும்ல...

வண்டியை விட்டு இறங்கினதுல இருந்து ஆரம்பிச்சுட்டா. நண்டைத் தொடாத. பாசியில கால் வைக்காத. சங்கு பொறுக்காத. நாய் வருது, தள்ளி நில்லு. வெயில்ல நிக்காத. நாய்க்கும் அதே சத்தம், வெயிலுக்கும் அதே சத்தம், கடலுக்கும் அதே சத்தம். சிரிக்கிறீங்க... உங்க வீட்டுல எப்படின்னு நான் கேட்கலை.

அம்மா செருப்பைக் கழட்டக் குனிஞ்ச நேரம். பெனிட்டா ஒரு குட்டைக்குள்ள கையை விட்டா. ஒரு சங்கு. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் கூரு, மேல பழுப்பு நிறத்துல கோலம் போட்ட மாதிரி. அவ்வளவு அழகு. எடுத்துக் கைக்குள்ள வச்சு மூடிக்கிட்டா. அம்மா பார்க்கலை.

அந்தச் சங்குக்குள்ள உயிர் இருந்துச்சு. அது ஒரு நத்தை. அதோட வாயில ஊசி மாதிரி ஒரு முள்ளு, முள்ளுல விஷம். பெரிய ஆளுக்கே மூச்சு நின்னு போற மாதிரி செய்யும். அதுக்கு மாத்து மருந்து கிடையாது. இப்ப அது ஒரு சின்னப் பிள்ளையோட உள்ளங்கையில இருக்கு...

படி ஏறுறாங்க. சுத்திச் சுத்திப் போற குறுகின படி. லிடியா மகளோட இடது கையை இறுக்கிப் பிடிச்சிருக்கா, விழுந்திடக் கூடாதுன்னு. சங்கு எந்தக் கையில? வலது கையில. அவளும் அதை இறுக்கிப் பிடிச்சிருக்கா.

உச்சிக்குப் போனாங்க. வெளிய குறுகலா ஒரு நடை, ஓரத்துல கம்பி. கீழ கடல்ல ஓங்கில் கூட்டம், டால்பின்னு சொல்றோமே அதுதான், துள்ளித் துள்ளிப் போகுது. அங்க இருந்த பிள்ளைங்க எல்லாம் கைதட்டுது. பெனிட்டா மட்டும் தட்டலை. லிடியா அப்பத்தான் அந்தக் கையைப் பார்த்தா. விரல் இடுக்குல பழுப்புக் கோலம் தெரியுது.

அவளுக்கு உயிரே போயிடுச்சு. அவ சின்ன வயசுல அப்பா காட்டி, தொடவே கூடாதுன்னு சொன்ன சங்கு அது. கிளமென்ட் என்ன ஏதுன்னு புரியாம பிடுங்கப் போனாரு. அவரைத் தடுத்துட்டா. பிடுங்கினா பிள்ளை இன்னும் இறுக்கும். கத்தினாலும் இறுக்கும். கை பின்னால போயிடுச்சு, பிள்ளை கம்பியோரமா நகருது. லிடியா தரையில முட்டி போட்டு உக்கார்ந்தா.

"பெனிட்டா... கையைத் திறடா கண்ணு."

"ஏசுவியா?"

"ஏச மாட்டேன்."

"அடிப்பியா?"

"மாட்டேன்டா. அது குத்திரும். விஷம்டா அது."

"நீ எல்லாத்துக்கும்தான் அப்படிச் சொல்லுவ."

நிஜமான ஆபத்துக்குன்னு ஒரு வார்த்தை அவகிட்ட மிச்சம் இல்லை. காலையில இருந்து நாய்க்கும் வெயிலுக்கும் எல்லாத்தையும் செலவு பண்ணியாச்சு. கண்ணுல தண்ணி வழியுது. அந்தப் பிள்ளை அம்மா கத்திப் பார்த்திருக்கு, அழுது பார்த்ததில்லை. அப்ப மெதுவா சொல்லுது...

"எம்மா... கையில கூசுது."

லிடியா பையில இருந்த பிஸ்கட் டப்பாவைக் கவுத்துக் கொட்டிட்டுக் காலி டப்பாவைத் தரையில வச்சா. "உன் சங்குதான். நான் எடுக்க மாட்டேன். இதுல விட்டுரு."

பிள்ளை யோசிச்சுது. நீங்க நினைச்சுப் பாருங்க, அந்த அம்மாவுக்கு அது எவ்வளவு நேரம்... அப்புறம் கை திறந்துச்சு. சங்கு டப்பாவுல விழுந்துச்சு. கொஞ்ச நேரத்துல அந்தக் கூரு முனையில இருந்து, முள்ளு இருக்கிற அந்த வாய் மெல்லிசா குழாய் மாதிரி நீண்டு வந்து, டப்பாவைத் தடவித் தடவித் தேடுச்சு. அதைப் பார்த்த பிறகுதான் கிளமென்ட்டுக்கு விஷயம் புரிஞ்சுது. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலை. சங்கைத் திரும்பக் குட்டையில விட்டாங்க.

தாய்மார்களே, தகப்பன்மார்களே... அந்தப் பிள்ளை முதல்ல என்ன கேட்டுச்சு? "இது என்னம்மா"ன்னா கேட்டுச்சு? "ஏசுவியா"ன்னு கேட்டுச்சு. விஷத்தைக் கையில வச்சுக்கிட்டு, அது அம்மாவுக்குப் பயந்துச்சு.

இங்க முன்வரிசையில உக்கார்ந்திருக்கிற பிள்ளைங்களைப் பாருங்க. இவங்க கைக்கும் ஏதாவது வரும். போன்ல இனிமையாப் பேசுற ஒரு ஆள் வருவான். டியூஷன் போற வழியில மிட்டாய் கொடுக்கிற ஒருத்தன் வருவான். பார்க்க அழகாத்தான் இருக்கும். நம்ம சத்தத்துக்குப் பயந்து மூடி வச்சுக்குவாங்க. நாம அந்த இன்னொரு கையைப் பிடிச்சுக்கிட்டு, பத்திரமா இருக்குன்னு நினைச்சுக்கிட்டே படி ஏறுவோம்.

லிடியாவுக்கு ஓங்கில் வந்துச்சு, தட்டாத அந்தக் கையைப் பார்த்துட்டா. நமக்கு அப்படி எது வரும்? எதுவும் வராது. அதனால இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் நீங்களா பக்கத்துல உக்காருங்க. எதுவா இருந்தாலும் ஏச மாட்டேன்னு சொல்லுங்க. சொல்லிட்டு, தயவுசெஞ்சு... ஏசாம இருங்க.