எழுத்து முடிஞ்ச பெடியன்

பாலாம்பிகை: குறை நினையாதேங்கோ தம்பி... நாங்கள் சைவம், நீங்கள் வேதக்காரர். அதுதான் ஒரு யோசினை.

லோறன்ஸ்: அக்கா, அதுக்கும் நான் வந்ததுக்கும்...

பாலாம்பிகை: பொம்பிளை ஆர்? உங்கட மகளோ?

லோறன்ஸ்: எந்தப் பொம்பிளை?

சிற்றம்பலம்: இவள் இன்னும் கலியாணக் கதையிலைதான் நிக்கிறாள்.

பாலாம்பிகை: இந்தத் தம்பிதானே போனிலை சொன்னவர், "உங்கட மகன் சுகிர்தன்ரை எழுத்து விஷயமா வாறன்" எண்டு! எழுத்தெண்டா கலியாண எழுத்துத்தானே? நான் விடியத் தொடங்கி வடை சுட்டுக்கொண்டு நிக்கிறன்...

லோறன்ஸ்: ஐயோ அக்கா! நான் சொன்னது பந்தடி எழுத்து. கிளப்பிலை கையெழுத்து வைக்கிற ஒப்பந்தம், ஜேர்மன்காரன் ஃபெர்ட்றாக் எண்டு சொல்லுறது.

பாலாம்பிகை: அப்ப பொம்பிளை இல்லையோ?

சிற்றம்பலம்: வடையைக் கொண்டுவந்து வை. திண்டால் இவன்ரை வாய்க்குக் கொஞ்சம் வேலை.

லோறன்ஸ்: அண்ணை எப்பவும் பகிடிதான்... சரி, நேரை வாறன். டுசல்டோர்ஃப் பக்கம் ஒரு பெரிய கிளப். சுகிர்தன் போன மாதம் அடிச்ச மூண்டு கோலையும் பாத்திட்டாங்கள். அவங்கள்தான் என்னை அனுப்பினது. "எங்களுக்கு விருப்பம்" எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் காணும்.

சிற்றம்பலம்: ஆருக்குச் சொல்ல?

லோறன்ஸ்: எனக்குத்தான்.

சிற்றம்பலம்: நீ ஆர்?

லோறன்ஸ்: என்ன அண்ணை இப்பிடிக் கேக்கிறியள்! வுப்பர்டாலிலை என்னைத் தெரியாத தமிழர் இருக்கினமோ? எத்தினை பேருக்கு அன்ட்றாக் எண்ட விண்ணப்பப் படிவம் நிரப்பிக் குடுத்தனான்...

சிற்றம்பலம்: எனக்கும் நிரப்பித் தந்தனி. பிறந்த வருசத்தைப் பிழையா எழுதிப்போட்டாய். கடுதாசியிலை நான் இண்டைக்கும் என்ரை தம்பிக்கு இளையவன்.

பாலாம்பிகை: அதாலை பென்சனும் நாலு வருசம் பிந்தும்.

லோறன்ஸ்: அது பழைய கதை, விடுங்கோ... இது பெடியன்ரை எதிர்காலம்.

சிற்றம்பலம்: பெடியன்ரை எழுத்து வாற ஆனி முடியுமட்டும் இப்ப இருக்கிற கிளப்போடை. இன்னும் ஐஞ்சு மாதம் கிடக்கு. கலியாண எழுத்து முடிஞ்ச பிள்ளையை இன்னொருத்தன் வீடு தேடி வந்து கேக்கிறதோ?

லோறன்ஸ்: இது கலியாணம் இல்லையே அண்ணை.

சிற்றம்பலம்: ரெண்டிலையும் மரியாதை ஒண்டுதான். எழுத்தின்ரை கடைசி ஆறு மாதத்திலை வேறை கிளப் கேக்கலாம், ஆனா முதல் அவன் இருக்கிற கிளப்புக்குக் கடிதம் போடோணும். "உங்கட பெடியனோடை கதைக்கப் போறம்" எண்டு எழுதோணும். பிறகுதான் பெடியனிட்டை வாய் திறக்கலாம். அதுதான் சட்டம்.

லோறன்ஸ்: அண்ணை ஐஞ்சாம் வகுப்போடை நிண்டனீங்கள் எண்டு சொல்லுவியள். இந்தச் சட்டமெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?

சிற்றம்பலம்: இந்த நாட்டுப் பாஷை வாசிக்கத் தெரியாதபடியால்தான் எந்தக் கடுதாசியையும் மூண்டு பேரிட்டை வாசிப்பிச்சுக் கேக்கிறனான். மூண்டு பேரும் ஒரே மாதிரிச் சொன்னால்தான் நம்புவன்.

லோறன்ஸ்: சட்டம் கிடக்கு. எல்லாரும் களவாக் கதைக்கிறவைதான்...

சிற்றம்பலம்: கதைச்சுப் பிடிபட்டால் ஆரை நிப்பாட்டுவாங்கள்? பெடியனை. மாதக்கணக்கிலை பந்து தொட ஏலாது. உனக்கென்ன, வடையைத் திண்டிட்டுத் மேலை ஓடுற தொங்கு ரயில் ஏறிப் போயிடுவாய்.

பாலாம்பிகை: நிப்பாட்டுவாங்களோ? ஐயோ... ஒரு கிழமை காலிலை நோ எண்டு இருந்ததுக்கே வீட்டுக் கதவெல்லாம் உதைச்சவன்.

லோறன்ஸ்: பயப்பிடாதேங்கோ அக்கா. இஞ்சை உலகக் கிண்ணம் நடந்து இன்னும் ஒரு வருசம் ஆகேல்லை, எல்லாக் கிளப்பும் இளம் பெடியளைத்தான் தேடுது. அண்ணை, உங்களைவிடப் பெடியனுக்குத் துணிவு. போன வெள்ளிக்கிழமை அந்த மூண்டு வருசக் கடுதாசியிலை கையெழுத்து வைக்க மாட்டன் எண்டு எழும்பி வந்தவனெல்லே!

சிற்றம்பலம்: எந்தக் கடுதாசி?

லோறன்ஸ்: அது... ஆரோ கதைச்சவை...

சிற்றம்பலம்: அந்த அறையிலை இருந்தது மூண்டு பேர். நான், என்ரை மகன், இப்ப இருக்கிற கிளப்பின்ரை தலைவர் ஷூல்ட்டே. இன்னும் மூண்டு வருசம் இரு எண்டு ஷூல்ட்டே கேட்டவன், மகன் மாட்டன் எண்டவன். டுசல்டோர்ஃப்காரனுக்கு இது எப்பிடித் தெரியும்?

லோறன்ஸ்: கதை பரவும்தானே அண்ணை...

சிற்றம்பலம்: நான் இவளுக்கே சொல்லேல்லை.

பாலாம்பிகை: ஏன் சொல்லேல்லை?

சிற்றம்பலம்: பொறு, உன்ரை வழக்கைப் பிறகு பாப்பம். லோறன்ஸ், உன்னைப் பெரிய கிளப் அனுப்பேல்லை. ஷூல்ட்டே அனுப்பினவன். நான் "விருப்பம்" எண்டவுடனை நீ போய் நாங்கள் வேறை கிளப்போடை களவாக் கதைச்சது எண்டு சாட்சி சொல்லுவாய். அவன் மகனுக்கு முன்னாலை ரெண்டு கடுதாசி வைப்பான். ஒண்டு முறைப்பாடு, மற்றது அந்த மூண்டு வருசம். எது வேணும் எண்டு கேப்பான். இதுதானே?

லோறன்ஸ்: ...என்ரை மூத்தவள் லவினியா பள்ளிக்கூடம் முடிச்சுட்டு இருக்கிறாள் அண்ணை. எழுபது இடத்துக்கு எழுதிப் போட்டாள். கிளப் ஒஃபிசிலை அவுஸ்பில்டுங், அதுதான் சம்பளத்தோடை வேலை பழக ஒரு இடம் தாறன் எண்டு ஷூல்ட்டே சொன்னவர்.

பாலாம்பிகை: அப்ப மகள் ஒண்டு இருக்குத்தானே...

சிற்றம்பலம்: நீ சும்மா இரு! எடேய், அதை எழுத்திலை வாங்கினனியோ?

லோறன்ஸ்: இல்லை... வாயாலைதான் சொன்னவர்.

சிற்றம்பலம்: ஊருக்கெல்லாம் படிவம் நிரப்புறவன். உனக்கு ஒரு துண்டு எழுதி வாங்கத் தெரியேல்லை.

லோறன்ஸ்: ஷூல்ட்டேக்கு மாட்டன் எண்டு எப்பிடி அண்ணை சொல்ல...

சிற்றம்பலம்: ஏன் ஏலாது? இருபத்தொரு வயசுப் பெடியன் அவன்ரை முகத்துக்கு நேரை சொன்னவன்தானே.

லோறன்ஸ்: சரி அண்ணை... நான் வாறன். "அந்தாள் ஒண்டுக்கும் மசியேல்லை, பெடியன் எங்கையும் போகான்" எண்டு சொல்லிவிடுறன். உங்களுக்கும் கரைச்சல் இல்லை.

சிற்றம்பலம்: எனக்காகப் பொய் சொல்லாதை. உள்ளதைச் சொல்லு. டுசல்டோர்ஃப்காரர் பத்து நாளைக்கு முன்னமே முறைப்படி ஷூல்ட்டேக்குக் கடிதம் போட்டிட்டாங்கள். அவன் எங்களுக்கு மூச்சுக் காட்டேல்லை. அந்தக் கடிதத்தின்ரை கொப்பி எங்களுக்கும் வந்தது அவனுக்குத் தெரியாது. நேற்றுப் பின்னேரம் மகன் டுசல்டோர்ஃபுக்குப் போய்க் கையெழுத்து வைச்சிட்டான். பக்கத்திலை நான்தான் நிண்டனான்.