அடியில் மாட்டிய ஸ்டெப்னி

விளக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கதவு திறந்திருந்தால் திறந்தே இருக்கட்டும். இது நம் கூட்டாளி ஒருத்தனின் சித்தப்பாவுக்கு நடந்தது. மனிதர் இன்னும் இருக்கிறார். ஆனால் இந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

பொழுது சாய்ந்த நேரம். வண்டியின் முகப்பு விளக்கைப் போட்டாலும் பிரயோசனம் இல்லை, போடாவிட்டாலும் கண் தெரியாது... அப்படி ஒரு வெளிச்சம். மலையடிவாரத்துச் சாலை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் முள்ளுக்காடு. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் வண்டி இல்லை. சித்தப்பா தனியாக ஜீப்பை ஓட்டிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம். வண்டிக்குப் பின்பக்கம்... அடியில்...

ஸ்ஸ்ஸ்...

கொஞ்சம் நின்றது. மறுபடி... ஸ்ஸ்ஸ்...

யாரோ மூக்கு வழியாக மூச்சை உள்ளே இழுப்பது போல.

அவர் ஏன் அந்த வழியில் போனார் என்பதைச் சொல்லிவிட்டால் மிச்சம் விளங்கும்.

சித்தப்பாவுக்கு வெல்டிங் பட்டறை. ஊரே வெல்டர் என்றுதான் கூப்பிடும். நாமும் அப்படியே கூப்பிடுவோம். அவருக்கு ஒரு சகலை, மனைவியின் அக்கா புருஷன். மலை உச்சிகளில் நிற்கிற செல்போன் டவர்களைப் பழுது பார்க்கிற டவர்க்காரர். கல்லிலும் சேற்றிலும் ஏறுவதற்காக ஒரு ஜீப் வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு வெல்டரும் அதே ஜீப், அதே நிறத்தில் வாங்கினார். இவர் வாங்கியதுமே டவர்க்காரர் தன் வண்டிக்குப் பெரிய பெரிய டயர்களாக மாட்டிவிட்டார். இரண்டும் மாமனார் வீட்டு வாசலில் சேர்ந்து நின்றால், வெல்டரின் ஜீப் அது போட்ட குட்டி மாதிரி தெரியும்.

"மூத்த மாப்ள வண்டில உக்காந்தா ஊரே கீழ தெரியுது!" என்பார் மாமியார். வெல்டருக்கு அடிவயிறு எரியும். வாய் மட்டும் சிரிக்கும்.

அதிலும் அந்த ஸ்டெப்னி, பஞ்சரானால் மாற்றிப்போட வைத்திருக்கிற ஐந்தாவது டயர். பெரிய டயர் போட்டவர்கள் ஸ்டெப்னியைப் பின்கதவில் மாட்டுவார்கள், இல்லையென்றால் கூரைமேல் கட்டுவார்கள். வண்டிக்கு அடியில், பின் அச்சுக்கும் பம்பருக்கும் நடுவில் கம்பெனிக்காரன் விட்டிருக்கிற இடம் சின்ன டயருக்குத்தான் காணும். ஆனால் டவர்க்காரர் அந்தப் பெரிய டயரை அடியிலேயே சங்கிலியில் தூக்கி மாட்டியிருந்தார். வெல்டர் செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்து குனிந்து பார்த்திருக்கிறார். பிடிபடவில்லை. ஒருநாள் கேட்டே விட்டார்.

டவர்க்காரர் வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய் கிடக்கும். இருமலுக்காம். அதை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுச் சொன்னார்.

"அது ஒரு சூட்சுமம், சகல."

அவ்வளவுதான். அதோடு ஒரு சிரிப்பு. இரும்பையே வளைக்கிற வெல்டருக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

பிறகு டவர்க்காரர் செத்துப்போனார்.

மலைப்பாதையில், தனியாக. டயர் பஞ்சராகி, அடியிலிருந்து ஸ்டெப்னியை இறக்கி, பம்புக் குழாயை அதன் வால்வில் மாட்டியிருக்கிறார். அதோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அந்த டயரைக் கட்டிப்பிடித்தபடிதான் கிடந்தாராம். காற்று ஒரு பொட்டுகூட ஏறியிருக்கவில்லை. வண்டியைக் கொண்டுவந்தவர்கள் பஞ்சரை ஒட்டி, ஸ்டெப்னியைத் திரும்ப அடியிலேயே மாட்டி, வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள்.

துக்கமெல்லாம் கொஞ்சம் அடங்கிய பிறகு மனைவியின் அக்கா வெல்டரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வண்டிய வித்துடலாம்னு இருக்கேன், தம்பி. வாங்கறவருக்குச் சாதா டயரே போதுமாம். இந்தப் பெரிய டயரை நீங்க எடுத்துக்கிட்டு உங்களுதைப் போட்டுக் குடுத்துடுங்க. உங்களுக்கு இதுமேல ரொம்ப நாளா ஒரு கண்ணுன்னு தங்கச்சி சொன்னா."

வெல்டருக்குக் காது சுட்டது. ஊருக்கே தெரிந்திருக்கிறது!

"நாலு மட்டும், தம்பி. அடியில இருக்கற ஸ்டெப்னியத் தொட வேணாம். அவரு கடைசியா கட்டிப்புடிச்சது அது. விக்கறதுக்கு முன்னாடி கழட்டி வீட்டுக்குள்ள வச்சுக்கறேன்."

"சரிக்கா" என்றார்.

நான்கையும் மாற்றினார். உள்ளே அக்கா டீ போடப் போனார். பாத்திரச் சத்தம் கேட்டது. வெல்டர் ஒரு நிமிஷம் நின்றார்... செத்த பிறகும் அந்த ஆளுக்கு ஐந்து, எனக்கு நான்கா? பம்பருக்கு மேலே இருக்கிற ஓட்டையில் கம்பியை விட்டுச் சுற்றினார். சங்கிலி இறங்கியது. டயர் தரையைத் தொட்டதும் தொப்பென்று படிந்தது. காலால் மிதித்தால் துணி மூட்டை மாதிரி அமுங்கியது. காற்றே இல்லை.

அப்போதுதான் உறைத்தது. காற்றை இறக்கிவிட்டால் டயர் சப்பையாகிவிடும், எந்த இடுக்கிலும் போய்விடும். வேண்டும்போது பம்பு வைத்து அடித்துக்கொள்ளலாம். இவ்வளவுதான் சூட்சுமம். இதற்குத்தானா அந்தச் சிரிப்பு?

தன் சின்ன ஸ்டெப்னியை அந்த இடத்தில் மாட்டிவிட்டு, பெரியதைத் தன் வண்டிக்குள் தூக்கிப்போட்டு மேலே சாக்கை மூடினார். டீயை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

பட்டறையில், பெரிய டயருக்கு இடம் விட, சைலன்சர் வாலை அறுத்து ஓரமாகத் திருப்பி ஒட்டினார். டயரை அடியில் படுக்கப்போட்டு, சங்கிலியைச் சுற்றித் தூக்கினார். போய்க் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. மாமனார் வீட்டுக்குப் போய் எல்லோர் முன்னாலும் வண்டியை நிறுத்த வேண்டும்... அந்த ஒரு நினைப்புதான். குளிக்கக்கூட இல்லை. கிளம்பிவிட்டார்.

அப்படித்தான் அந்தச் சாலைக்கு வந்தார்.

ஸ்ஸ்ஸ்... நின்றது. ஸ்ஸ்ஸ்...

ஜன்னலை ஏற்றினார். அப்போதும் கேட்டது. கொஞ்ச தூரம் போனதும் வேறு சத்தம் சேர்ந்துகொண்டது. கர்ர்... கர்ர்... ரப்பர் இரும்பில் உரசுகிற சத்தம். கருகல் நாற்றம். வண்டியை ஓரம் கட்டி, டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் மல்லாந்து படுத்து உள்ளே பார்த்தார்.

சப்பையாகத் தூக்கி மாட்டிய டயர்... உப்பிக்கொண்டிருந்தது. அச்சை நெருக்கிக்கொண்டு, பம்பரை முட்டிக்கொண்டு. கொஞ்சம் உப்பும். நிற்கும். மறுபடி கொஞ்சம் உப்பும்.

கையை வைத்தார். பக்கத்தில் சைலன்சர் கொதிக்கிறது. டயர் சில்லென்று இருந்தது. வால்வில் மூடி இல்லை. காற்று எங்கிருந்து வருகிறது என்று கட்டைவிரலை அதன் வாயில் வைத்தார்.

விரலை உள்ளே இழுத்தது.

பச்சைக் குழந்தை வாயில் விரல் கொடுத்தால் சப்புமே... அந்த மாதிரி.

பிடுங்கிக்கொண்டு எழுந்தவர் எப்படி வண்டியைத் திருப்பினார் என்று அவருக்கே தெரியாது. வழி முழுக்க அடியில் அந்த உரசல். வீட்டுச் சுவரை ஒட்டி, பிள்ளைகள் படுக்கிற அறையின் ஜன்னலுக்கு நேராக வண்டியை நிறுத்தினார். அந்த உப்பலோடு அதைக் கீழே இறக்க முடியாது. முதலில் காற்றை விட்டாக வேண்டும். ஒரு ஆணியை எடுத்து வால்வுக்குள் அழுத்தினார்.

வந்தது பாருங்கள் காற்று... சில்லென்று இல்லை. வெதுவெதுப்பாக. முகத்துக்கு அருகில் ஒருவர் மூச்சு விடுகிற மாதிரி. கூடவே ஒரு வாசனை. புதினா மிட்டாய்.

விட்டது, விட்டது, விட்டுக்கொண்டே இருந்தது. ஒரு டயரில் அவ்வளவு காற்று இருக்க முடியாது. மேலே ஜன்னல் திரை அறைக்குள் புடைத்துப் புடைத்து ஆடியது. கடைசியாக ஒரு சின்ன இருமல்... டயர் தொய்ந்துபோனது.

"யாருங்க இருமறது?" என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்.

"நான்தான்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் டயரை இறக்கி, உள்ளே போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். வண்டி இன்னும் விற்கப்படவில்லை. ஸ்டெப்னியை வாசலில் உருட்டிப்போட்டுவிட்டுத் தலைகுனிந்து நின்றார்.

"தப்பு பண்ணிட்டேன்க்கா. நீங்க வேணாம்னு சொல்லியும் எடுத்துட்டுப் போயிட்டேன். பொறாமைல பண்ணிட்டேன். அவர்மேல எனக்கு எப்பவுமே பொறாமை."

அக்கா திட்டவில்லை. குனிந்து அந்த டயரைத் தடவிப் பார்த்தார்.

"உங்களுக்கு அவர் மேலயா?" என்றார். "அவருக்குத்தான் தம்பி உங்க மேல. உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனா அன்னிக்குச் சோறே எறங்காது. 'சின்ன வண்டிதான் வச்சிருக்கான். ஆனா பொழுது சாஞ்சா வீட்டுக்குப் போயி ரெண்டு புள்ளைக்கு நடுவுல படுத்துக்கறான். எனக்கு வாய்ச்சது மலையும் குளிரும்தான்'னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போவாரு. நமக்குக் கொழந்தை இல்லையேன்னு ஒருநாளும் என்கிட்ட கேட்டதில்ல. உங்களப் பாத்துத்தான் வெந்தாரு."

வெல்டர் தலையை நிமிர்த்தினார். இத்தனை வருஷம் யாரைப் பார்த்து வயிறு எரிந்தாரோ, அந்த மனிதர் இவரைப் பார்த்து எரிந்திருக்கிறார்! டயரைத் தூக்கிக்கொண்டு போய் அக்கா காட்டிய இடத்தில், உள் அறையின் சுவரோரம் படுக்கப்போட்டார். உப்பவில்லை. மூச்சு இல்லை. வெறும் ரப்பர் நாற்றம். தொட்டுக்கூடப் பார்த்தார். அதில் ஒன்றுமே இல்லை.

அக்கா சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். திரும்பி வருகிற வழியில் அழுதார். அழுது முடித்ததும் நெஞ்சு லேசாக இருந்தது. சீக்கிரம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும் என்று இருந்தது.

வீடு வந்து சேரும்போது விளக்கெல்லாம் அணைந்திருந்தது. கதவைத் தட்டினார். மனைவி வந்து திறந்தாள். தூக்கக் கலக்கத்தில் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு திரும்பி, பிள்ளைகள் படுக்கிற அறையைப் பார்த்தாள்.

"நீங்க எப்பங்க வெளிய போனீங்க?"

"இப்பத்தான வர்றேன்."

"என்ன சொல்றீங்க? அப்பவே வந்துட்டீங்களே... சோறு வேணாம்னு தலையாட்டிட்டுப் போயிப் படுத்தீங்களே..."

வெல்டர் அவளை விலக்கிவிட்டு அந்த அறை வாசலில் போய் நின்றார். இருட்டு. பாயில் பிள்ளைகள் இரண்டும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தன. சின்னவள் தன் காலை யார் மேலோ தூக்கிப் போட்டிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முதுகு.

அது திரும்பிப் பார்க்கவில்லை.

மெதுவாக... பிள்ளைகள் விழித்துவிடாதபடி... கொஞ்சம் நகர்ந்து படுத்தது. ஓரமாக, அவருக்கும் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டது.